சூட்டுக்குக் கட்டி கரையுமா?

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வாடிய முகத்துடன் வந்து அமர்ந்தாள். அவளுடைய ஊர் காங்கேயத்துக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். இடைவேளையில் நாங்கள் சுற்றி நின்று கேட்ட பிறகுதான் வாய் திறந்தாள். அவளுடைய அமுச்சிக்கு மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலி சிறிதும் இல்லையாம். ஆகவே எட்டு மாதங்களாக எவரிடமும் சொல்லாமல், இரவில் எல்லோரும் உறங்கிய பின் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து வந்திருக்கிறார். பேத்தி தற்செயலாகக் கண்டு பதறிக் கேட்டபோது, "ஏங் கண்ணு, சூடு வெச்சாக் கட்டி கரைஞ்சு போயிராதா?" என்று திருப்பிக் கேட்டாராம்.

அந்தக் கேள்வியை அப்படியே எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கொண்டு சென்றோம். அவர் சிரிப்பார் என்று எண்ணினோம். அவர் சிரிக்கவில்லை. "முதலில் பாட்டியை இந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அதன் பிறகு இந்தக் கேள்விக்கு நீங்களே விடை தேடுங்கள். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள்" என்றார். அவ்வாறு நாங்கள் அறிவியல் மன்றத்தில் பல நாட்கள் கூடிப் படித்தறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

புற்றுநோய் என்பது யாது?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் எப்பொழுது பிரிந்து பெருக வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும், எப்பொழுது மடிய வேண்டும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. காயம் ஆறும் வரை தோலின் உயிரணுக்கள் பெருகுகின்றன. ஆறியதும் நின்று விடுகின்றன. இந்த ஒழுங்கை மீறி, நிறுத்தம் இன்றிப் பெருகும் உயிரணுக்களின் கூட்டமே புற்றுநோய்க் கட்டி. அது இருந்த இடத்திலேயே இருப்பதில்லை. இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் வேறு உறுப்புகளுக்குச் சென்று அங்கும் வேர் ஊன்றுகிறது.

மஞ்சள் தோட்டத்தில் களை முளைத்தால் நாம் என்ன செய்கிறோம்? களை ஒழிய வேண்டும் என்பதற்காகத் தோட்டத்தையே கொளுத்தி விடுவதில்லை. களை சாகவேண்டும், பயிர் வாழவேண்டும். புற்றுநோய் மருத்துவத்தின் சிக்கல் முழுவதும் இதுவே. கெட்ட உயிரணுவும் நம் உடலில் பிறந்ததுதான். நல்ல உயிரணுவைப் போலவே உண்டு, மூச்சு விட்டு வாழ்வதுதான். ஆகவே ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றையும் துன்புறுத்துகிறது. மருந்து ஏற்றிக் கொள்வோருக்கு முடி உதிர்வதும் வாந்தி வருவதும் இதனால்தான்.

வெப்பம் என்ன செய்கிறது?

வெப்பத்தால் நோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் மிகப் பழமையானது. சுசுருதர் தம் நூலில் அக்கினி கர்மம் என்ற பெயரில் சூடு வைக்கும் முறையை விளக்கியிருக்கிறார். 1866-இல் ஜெர்மனியில் புஷ் என்ற அறுவை மருத்துவர், கடுங்காய்ச்சல் கண்ட ஒரு நோயாளியின் கட்டி சுருங்கியதைக் கண்டு எழுதினார். 1890-களில் நியூயார்க் நகரத்து மருத்துவர் வில்லியம் கோலி, புற்றுநோயாளிகளுக்கு வேண்டுமென்றே காய்ச்சலை உண்டாக்கிப் பார்த்தார். சிலர் பிழைத்தனர், சிலர் காய்ச்சலாலேயே துன்புற்றனர். கட்டி சுருங்கியதற்கு வெப்பம் மட்டுமே காரணம் அன்று, காய்ச்சலால் விழித்துக் கொண்ட உடலின் எதிர்ப்பு ஆற்றலும் காரணம் என்று பின்னாளில் அறிந்தனர்.

உயிரணுவுக்குள் வேலை செய்வன எல்லாம் புரதங்கள். முட்டையின் வெள்ளைக் கரு சூடுபட்டதும் கட்டியாகி விடுகிறது. ஆற வைத்தாலும் மீண்டும் நீராவதில்லை. ஏறத்தாழ அதைப் போலவே மிகுந்த வெப்பத்தில் உயிரணுவின் புரதங்களும் உருக்குலைந்து போகின்றன. நம் உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். 43 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் உயிரணு மடியத் தொடங்குகிறது. இதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 43 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் விளையும் அழிவு, 44 டிகிரியில் அரை மணி நேரத்தில் விளையும். 45 டிகிரியில் கால் மணி நேரம் போதும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் வேண்டிய நேரம் பாதியாகக் குறைகிறது. 50 டிகிரிக்கு அரை நிமிடம் கூட ஆகாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து வியந்தோம். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் உப்பு ஒத்தடம் ஏன் கட்டியைக் கரைக்கவில்லை? இரண்டு காரணங்கள். முதலாவது, வெளியிலிருந்து வரும் வெப்பம் முதலில் தோலைத் தாக்குகிறது. 43, 44 டிகிரி அளவிலேயே தோல் எரிச்சல் தாங்காமல் கையை எடுக்கச் செய்து விடும். இரண்டாவது, ஓடும் வாய்க்கால் நீர் கரையின் சூட்டைக் கொண்டு போவது போல, ஓடும் இரத்தம் அந்த வெப்பத்தை அள்ளிச் சென்று உடல் முழுவதும் பரப்பி விடுகிறது. தோல் பொறுக்கும் சூடு கட்டியைக் கொல்லாது. கட்டியைக் கொல்லும் சூட்டைத் தோல் பொறுக்காது. எட்டு மாத ஒத்தடத்தில் கிடைத்தது ஒன்றே: கட்டி வளர எட்டு மாத காலம்.

ஆகவே, கேள்வி இப்படி மாறுகிறது: தோலைச் சுடாமல், கட்டிக்கு உள்ளேயே அடுப்பு மூட்ட முடியுமா?

கருமையின் இயல்பு

இங்கேதான் கரி வருகிறது. காங்கேயம் பகுதித் தோழியருக்குத் தொட்டிக் கரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய்த் தொட்டியைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அதை மேலும் உயர்ந்த வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தினால் செறிவூட்டிய கரி கிடைக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் எத்தனையோ. ஒரே ஒரு கிராம் கரியின் உட்பரப்பை எல்லாம் விரித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் நிலம் வரும். தண்ணீரைச் சுத்தம் செய்யவும், நஞ்சு உண்டவர் வயிற்றில் நஞ்சைப் பிடித்து வைக்கவும் இது பயன்படுகிறது.

கரிக்கு மற்றொரு குணமும் உண்டு. நாங்கள் ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுத்துக் கொண்டோம். ஒன்றின் வெளிப்புறத்தை மெழுகுவத்திப் புகையில் காட்டிக் கருக்கினோம். மற்றொன்றைப் பளபளப்பாகவே விட்டோம். இரண்டிலும் சம அளவு தண்ணீர் ஊற்றி, பள்ளி மைதானத்தில் உச்சி வெயிலில் வைத்தோம். மதிய உணவு முடிந்து வந்து விரலை விட்டுப் பார்த்தோம். கருத்த டப்பாவின் தண்ணீர் நன்கு சூடேறியிருந்தது. மற்றது வெதுவெதுப்பாகவே இருந்தது. இரண்டின் மேலும் விழுந்தது ஒரே வெயில்தான். பளபளப்பான தகரம் ஒளியைத் திருப்பி அனுப்பி விட்டது. கரி ஒளியை விழுங்கி வெப்பமாக மாற்றிக் கொண்டது.

கரியின் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணங்களாக இணைந்து தகடு தகடாக அமையும்போது, அவற்றின் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் தகடு முழுவதும் உலவுகின்றன. அவை பல நிற ஒளியையும் ஏற்று, அந்த ஆற்றலை அணுக்களின் அதிர்வாக மாற்றி விடுகின்றன. அணுக்களின் அதிர்வையே நாம் வெப்பம் என்கிறோம். வைரமும் கரியணுக்களால் ஆனதே. ஆனால் அங்கே எலக்ட்ரான்கள் கட்டுண்டு கிடப்பதால் ஒளி தடையின்றி ஊடுருவிப் போகிறது. பொருள் ஒன்றே, அமைப்பு வேறானதால் குணமும் வேறாயிற்று.

நானோ என்னும் நுண்ணளவு

ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். இத்தனை சிறிய அளவில் கரி எத்தனை உருவம் எடுக்கிறது என்பது அண்மைக் காலத்தில்தான் தெரிய வந்தது. 1985-இல் 60 கரியணுக்கள் ஒரு கால்பந்தின் வடிவில் சேர்ந்த மூலக்கூறைக் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோர் கண்டறிந்தனர். அதற்காக 1996-இல் நோபல் பரிசு பெற்றனர். 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா, கரித் தகடு சுருண்டு குழலாக இருப்பதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். இதுவே கரி நானோக்குழல். ஒற்றைச் சுவருள்ள குழலின் குறுக்களவு ஏறத்தாழ 1 அல்லது 2 நானோமீட்டரே. 2004-இல் மான்செஸ்டர் நகரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இருவர், பென்சில் கரியான கிராஃபைட்டின் மேல் ஒட்டும் நாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஒரே ஓர் அணுவின் தடிமன் உள்ள தகட்டைப் பிரித்தெடுத்தனர். அதன் பெயர் கிராஃபீன். 2010-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்களுக்கு.

நம் பாட்டிமார் விளக்குச் சுடரில் பிடித்த கண் மையும் நானோ அளவுள்ள கரித்துகள்களே என்று அறிந்தபோது எங்களுக்குப் பெருவியப்பு. ஆயினும் மை வேறு, ஆய்வுக்கூடத்தில் தூய்மை செய்து அளவு பார்த்து ஆக்கிய துகள் வேறு. தொட்டிக் கரியையோ மையையோ எவரும் புற்றுநோய்க்கு மருந்தென்று உண்ணவும் பூசவும் வேண்டாம் என்று இங்கேயே சொல்லி விடுகிறோம்.

ஒளி நுழையும் சன்னல்

இரவில் விளக்கை அணைத்து விட்டு, டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரல்களின் ஓரம் சிவந்து ஒளிரும். வெள்ளை ஒளியில் உள்ள நீலமும் பச்சையும் சதையில் தடுக்கப்பட, சிவப்பு மட்டும் ஓரளவு ஊடுருவி வருகிறது. சிவப்புக்கு அடுத்து, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்கள் இன்னும் நன்றாக ஊடுருவுகின்றன. ஏறத்தாழ 700 முதல் 1,100 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்களை இரத்தமும் நீரும் குறைவாகவே தடுக்கின்றன. உடலின் சுவரில் அமைந்த சன்னல் என்று இதைச் சொல்லலாம்.

இனி எண்ணத்தைச் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சன்னல் வழியே வரும் கதிரை நம் சதை அதிகம் விழுங்காது. ஆகவே அதிகம் சூடாகாது. கரியோ அதை ஆவலுடன் விழுங்கும். கட்டிக்குள் கரித்துகள்களைச் சேர்த்து விட்டு, வெளியிலிருந்து கதிரைச் செலுத்தினால் துகள் இருக்கும் இடம் மட்டும் சூடாகும். கருத்த டப்பாவும் வெள்ளை டப்பாவும் ஒரே வெயிலில் இருந்த கதைதான். கட்டியின் இரத்தக் குழாய்கள் கோணல்மாணலாக வளர்ந்திருப்பதால், அங்கே இரத்தம் வெப்பத்தைச் சரியாக அள்ளிச் செல்லவும் இயலாது.

2005-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹாங்ஜி டாய் என்ற அறிஞரின் குழுவினர் இதைச் செய்து காட்டினர். சிலவகைப் புற்றுநோய் உயிரணுக்கள், கீரையில் உள்ள ஃபோலிக் அமிலத்தைப் பிடித்து இழுக்கும் கொக்கிகளைத் தம் மேற்புறத்தில் மிகுதியாக வைத்திருக்கின்றன. குழுவினர் நானோக்குழலின் மேல் ஃபோலிக் அமிலத்தை ஒட்டி, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களுக்கு ஊட்டினர். கொக்கியுள்ள உயிரணுக்கள் குழல்களை விழுங்கின; கொக்கியில்லாதவை விழுங்கவில்லை. பிறகு 808 நானோமீட்டர் கதிரைப் பாய்ச்சினர். விழுங்கியவை மடிந்தன, மற்றவை பிழைத்தன. 2010-இல் சீனாவின் சூச்சோ நகரத்து ஆய்வாளர்கள் கிராஃபீன் துகள்களை எலிகளின் இரத்தத்தில் செலுத்தி, கதிரால் கட்டிகளை அழித்தனர்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால்

இவை எல்லாம் கடல் கடந்த செய்திகள்தானா என்று கேட்டோம். இல்லை. கோவையை அடுத்த எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகத்தின் நானோ அறிவியல் மையம், கணவாயைத் தாண்டிக் கொச்சியில் இருக்கிறது. அங்கே சாந்திகுமார் நாயர், மன்சூர் கோயக்குட்டி ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் கிராஃபீனைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்திருக்கின்றனர்.

அகச்சிவப்புக் கதிர் சன்னல் வழியே நுழைந்தாலும் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் வலுவிழந்து விடும். ஈரலைப் போல ஆழத்தில் உள்ள உறுப்புகளுக்கு அது எட்டாது. ரேடியோ அலைகளோ உடலின் ஆழத்துக்கும் செல்லக் கூடியவை. கொச்சிக் குழுவினர் கிராஃபீனுக்கு நீரில் கலக்கும் தன்மை தரும் வேதித் தொகுதிகளைச் சேர்த்து, புற்றுநோய் உயிரணுவை நாடிச் செல்லும் மூலக்கூறையும் பொருத்தி, ரேடியோ அலையால் சூடேற்றினர். மருந்துக்கு அடங்காத புற்றுநோய் உயிரணுக்களும் இம்முறையில் அழிந்ததை 2015-இல் வெளியிட்டனர். மருந்தை எதிர்த்துப் பழகிய உயிரணுவும் வெப்பத்துக்குப் பணிகிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் நானோத் துகள்கள் ரேடியோ அலையில் எவ்வளவு சூடேறும் என்பதில் உலக அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

அதற்கு முன் 2013-இல் இதே குழுவினர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு எங்களை அதிகம் கவர்ந்தது. வேலை முடிந்த பின் கரி எங்கே போகும் என்பதே அவர்களது கேள்வி. எலியின் உடலில் செலுத்திய கிராஃபீன் நுரையீரல், ஈரல், மண்ணீரல் முதலிய உறுப்புகளில் தங்கியதையும், உடலின் துப்புரவுப் பணியாளர்களான பெருவிழுங்கி உயிரணுக்கள் அதை விழுங்கிச் சிறிது சிறிதாகச் சிதைத்ததையும் மூன்று மாத காலம் தொடர்ந்து பார்த்தனர். அடுப்பு மூட்டினால் மட்டும் போதுமா? சாம்பலையும் அள்ள வேண்டுமல்லவா?

தாண்ட வேண்டிய தடைகள்

நல்ல செய்தியை மட்டும் எழுதி முடிப்பது நேர்மையாகாது. இம்முறை நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையாக எந்த நாட்டிலும் இன்னும் வரவில்லை. காரணங்கள் பல.

ஒன்று, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்வதில்லை. 2016-இல் கனடாவின் டொரான்டோ நகரத்து அறிஞர் வாரன் சான் குழுவினர், அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். செலுத்திய நானோத் துகள்களில் கட்டியை அடைந்தது நடுவளவாக 0.7 விழுக்காடுதான், அதாவது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. மீதியில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக் கொள்கின்றன. நம் தோட்டங்களில் வாய்க்கால் பாசனத்தை விட்டுச் சொட்டு நீர்ப் பாசனத்துக்கு மாறியது எதற்காக? தண்ணீர் வேருக்கு மட்டும் போக வேண்டும் என்பதற்காக. நானோ மருத்துவம் இன்னும் வாய்க்கால் பாசன நிலையிலேயே இருக்கிறது.

இரண்டு, கரியாலேயே தீங்கு வரலாம். 2008-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், நீண்டு விறைத்த நானோக்குழல்கள் எலியின் வயிற்று உட்சவ்வில் கல்நார் செய்வதைப் போன்ற அழற்சியை உண்டாக்குவதைக் கண்டனர். கல்நார்த் தூசி புற்றுநோயைத் தருவது என்பது நாம் அறிந்ததே. 2014-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், பல சுவர்களையுடைய நானோக்குழல் வகை ஒன்றை மனிதருக்குப் புற்றுநோய் தரக் கூடியதாக இருக்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. நோயைத் தீர்க்க வந்த பொருளே நோயைத் தரலாகாது. ஆகவே குழலின் நீளம், மேற்பூச்சு, தூய்மை ஆகியவற்றை எல்லாம் சோதித்தறிய வேண்டியிருக்கிறது.

மூன்று, அரைகுறைச் சூடு ஆகாது. கொல்லாத அளவுக்குச் சூடுபட்ட உயிரணு தன்னைக் காக்கும் சிறப்புப் புரதங்களைச் சுரந்து, அடுத்த முறை சூட்டைத் தாங்கும் வலிமை பெற்று விடுகிறது. அதிகமானாலோ பக்கத்துச் சதையும் வேகும். சோற்றைப் பதம் பார்ப்பது போல உள்ளே உள்ள வெப்பத்தை நொடிக்கு நொடி அளந்து கொண்டே செய்ய வேண்டும்.

இருப்பினும் பாதை மூடிவிடவில்லை. மணல்கருவின் மேல் தங்கம் பூசிய நானோத் துகள்களைக் கொண்டு அமெரிக்காவில் 16 ஆண் நோயாளிகளின் சுக்கிலச் சுரப்பிக் கட்டிகளை அகச்சிவப்புக் கதிரால் சூடேற்றிப் பார்த்த முதற்கட்ட முடிவுகள் 2019-இல் வெளிவந்து ஊக்கம் தந்தன. சீனாவில் நானோக் கரி கலந்த நீர்மத்தை, அறுவையின்போது நிணநீர் முடிச்சுகளைக் கருமையாக்கி அடையாளம் காட்ட மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அங்கே கரி அடுப்பாக இல்லாவிட்டாலும் வழிகாட்டியாக இருக்கிறது.

இன்று நம் கையில் உள்ளவை

வெப்ப மருத்துவத்தில் ஒரு முறை ஏற்கெனவே நம் நாட்டில் நடைமுறையில் உண்டு. ஈரலில் உள்ள சிறிய கட்டிகளுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலை அதிர்வுடைய மின்சாரத்தால் 60 டிகிரிக்கு மேல் சூடேற்றி அழிக்கின்றனர். ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிகளுக்கு இது நன்கு பயன்படுகிறது. அமுச்சி கேட்ட கேள்விக்கு இது ஓர் "ஆம்". ஆனால் எல்லாக் கட்டிகளுக்கும் இது பொருந்தாது.

ஊரில் "கரண்டு வைப்பது" என்று பேசிக் கொள்ளும் சிகிச்சையைப் பற்றியும் ஒரு சொல். அது மின்சாரமும் அன்று, சூடும் அன்று. உயிரணுவின் பிறப்புக் குறிப்பைத் தாக்கிப் பெருக விடாமல் செய்யும் கதிர்ச் சிகிச்சை அது. பெயரைக் கேட்டு அஞ்சியே அதைத் தவிர்ப்போர் உண்டு. அந்த அச்சத்துக்கு இடமில்லை.

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாததால் நோயில்லை என்று எண்ணிவிடுகிறோம். வலி வரும்போது காலம் கடந்து விடுகிறது. வலியில்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அன்று. ஆனால் எது புற்றுநோய் என்பதைச் சோதனைதான் சொல்லும், ஒத்தடம் சொல்லாது. செலவுக்கு அஞ்சுவோர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அரசு மருத்துவமனையில் விசாரித்தறியலாம்.

தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தை மறவாமல் 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். அங்கே தம் வாழ்நாளையே செலவிட்ட டாக்டர் சாந்தா 2021-இல் மறைந்தார். இருவரும் நம்மைப் போல் பள்ளி சென்ற தமிழ்ப் பெண்களே. இன்று நானோ அறிவியலைப் பயில நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மருதமலைச் சாலையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே அதற்கென ஒரு துறை இருக்கிறது.

முடிவாக

எங்கள் தோழியின் அமுச்சி அந்த வாரமே கோவைக்கு வந்தார். ஊசிச் சோதனையில் அது புற்றுநோய்தான் என்று தெரிந்தது. அறுவை நடந்தது, மருந்து ஏற்றினார்கள், கதிரும் கொடுத்தார்கள். "ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு தேவைப்பட்டிருக்காது" என்று மருத்துவர் கூறினாராம். இப்போது தலையில் முடி மீண்டும் முளைத்து, தோட்டத்துக்குப் போய் வருகிறார். நோய் திரும்பாது என்று எவரும் உறுதி சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்து காட்டிக் கொள்கிறார்.

இந்தக் கட்டுரையை அவருக்குப் படித்துக் காட்டினோம். கரியின் கதையைக் கேட்டு விட்டு, "அப்போ நா நெனச்சது முழுசாத் தப்பில்லீங்களே" என்றார். தப்பில்லைதான். சூட்டுக்குக் கட்டி கரையும். ஆனால் அந்தச் சூடு கட்டியின் உள்ளே, அளவோடு, கட்டியில் மட்டும் இருக்க வேண்டும். அதைச் செய்யும் வழியை அறிஞர்கள் தேடிக் கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் வரை கட்டி காத்திருக்காது.

எனவே தோழியரே, இந்த மலரை வீட்டுக்கு எடுத்துச் சென்றதும் மற்றப் பக்கங்களைப் பிறகு படியுங்கள். முதலில் அம்மாவிடமும், அமுச்சியிடமும், அப்பத்தாவிடமும் கதவைச் சாத்திக் கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு எங்காவது கட்டி இருக்குதுங்களா?" வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். பரவாயில்லை, மறுபடியும் கேளுங்கள்.

அறிவியல் மன்ற மாணவியர்,
பதினோராம் வகுப்பு